‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிவைத்த ஆயர்: ராபர்ட் எவன்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பக்கத்தில் வானியல் என்றால் காவலூர்தான். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு மேலே தலை நீட்டும் அந்த வெள்ளைக் கூண்டுக்குள் 234 சென்டிமீட்டர் கண்ணாடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. 1968-ல் வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. 1972-ல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையத்துக்கான தடயம் பதிவானது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொந்த ஊர்ப் பெருமை.

நான் ஆலங்காயம் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஒரு சனிக்கிழமை அவர்களைக் காவலூருக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையன் கேட்டான்: “சார், இவ்ளோ பெரிய கண்ணாடி இருந்தாத்தானே ஏதாவது கண்டுபிடிக்க முடியும்? நம்ம மாடியில இருந்து பார்த்து என்ன ஆகப்போகுது?”

அதற்கு ஒழுங்கான பதில் தேடிப் போனபோது கிடைத்தவர் ராபர்ட் எவன்ஸ். ஆஸ்திரேலியாவில் சபை ஊழியம் செய்த ஆயர். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தே 42 சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் நட்சத்திரங்களை, கண்டுபிடித்தவர். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததில் அந்த எண்ணிக்கையை வேறு யாரும் தொட்டதில்லை. அவர் அதை எப்படிச் செய்தார், அதில் எது நம்ம ஊர் மொட்டை மாடிக்கு ஒத்துவரும் என்று 2022 முதல் 2024 வரை மூன்று பருவங்கள் பிள்ளைகளோடு செய்துபார்த்தேன். அந்தக் கதை முழுவதும் இதில் இருக்கிறது.

ஆளைப் பற்றி

எவன்ஸ் பிறந்தது 1937 பிப்ரவரி 20. சிட்னி பல்கலைக்கழகத்தில் தத்துவமும் வரலாறும் படித்தார். அறிவியல் பட்டம் கிடையாது. மெதடிஸ்ட் ஆயராக ஊழியத்துக்கு வந்தார். 1977-ல் மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகி யூனைட்டிங் சபை ஆனபோது அதில் தொடர்ந்தார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதை தெரிந்த வேலூர்க்காரர்களுக்கு இது விளக்க வேண்டிய விஷயம் இல்லை. ஆற்காடு மிஷன் சபைகளும் அப்படித்தான் சி.எஸ்.ஐ.க்குள் வந்தன. ஆஸ்திரேலிய எழுப்புதல் கூட்டங்களின் வரலாற்றைப் பற்றி அவர் புத்தகங்களும் எழுதியிருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வரலாறு எழுதுகிறவருக்குப் பதிவேட்டின் அருமை தெரியும். அது பின்னால் பெரிய விஷயமாகிறது.

ஊழியக்காரர்கள் வானத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைக் குருதான், ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள் என்று கண்டார். கோடையில் தெற்கே தாழ்வாக, ஏறக்குறைய 16 டிகிரி உயரத்தில், வேலூரிலிருந்தும் அந்த நட்சத்திரம் தெரியும். இன்றைக்கும் ஒரு சின்னத் தொலைநோக்கியில் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

எவன்ஸ் சூப்பர்நோவா தேட ஆரம்பித்தது 1950-களின் நடுவில், இளைஞராக இருக்கும்போது. பெயர் பதிவான முதல் கண்டுபிடிப்பு 1981-ல். இடையில் கால் நூற்றாண்டு. இந்த இடைவெளியைப் பிள்ளைகளிடம் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

தேடியது என்ன

ஒரு கனமான நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து உள்ளே நொறுங்கி வெடிக்கும்போதோ, பக்கத்து நட்சத்திரத்தின் பொருளை உறிஞ்சிய வெண்குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம்) ஒரேயடியாக எரிந்து சிதறும்போதோ, சில வாரங்களுக்கு அது தான் இருக்கும் கேலக்ஸிக்கே, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டத்துக்கே, போட்டியாக ஒளிரும். அதுதான் சூப்பர்நோவா. நம் பால்வழி போன்ற கேலக்ஸியில் நூறு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கலாம். நம் கேலக்ஸியில் மனிதர் கண்டு எழுதிவைத்த கடைசி வெடிப்பு 1604-ல். ஆகவே ஒரே கேலக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அன்றைய வழக்கம் என்னவென்றால், படம் எடுத்து, கழுவி, பழைய படத்தோடு வைத்து ஒப்பிடுவது. நாள் கணக்கில் ஆகும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதை 1968-ல் தென்னாப்பிரிக்காவின் ஜாக் பென்னெட் எம் 83 என்ற கேலக்ஸியில் ஒரு வெடிப்பைக் கண்டு காட்டினார். ஆனால் அவர் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தவர். சூப்பர்நோவாவையே குறிவைத்து, வருடக்கணக்கில் ஒழுங்காகக் கண்ணால் தேடி ஜெயித்தது எவன்ஸ்.

அவர் செய்தது இதுதான்: ஒவ்வொரு கேலக்ஸியின் மங்கலான திட்டும், அதைச் சுற்றி நம் பால்வழியின் நட்சத்திரங்கள் விழுந்திருக்கிற கோலமும் எப்படி இருக்கும் என்பதை மனப்பாடம் செய்துகொண்டார். ஆயிரத்துக்கும் மேல். தொலைநோக்கியைக் கையால் திருப்புவார், பார்ப்பார், கோலத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இல்லையென்றால் அடுத்ததற்குப் போவார். முதலில் 25 சென்டிமீட்டர் கண்ணாடி, பிற்பாடு 40 சென்டிமீட்டர். வரைபடத்தைப் புரட்டும் நேரம் மிச்சமாவதால் மற்றவர்கள் நாலைந்து பார்க்கிற நேரத்தில் அவர் பல பத்து பார்த்துவிடுவார்.

“இது எப்படி சார் முடியும்?” என்று கேட்டார்கள் பிள்ளைகள். எனக்கும் அதே சந்தேகம்தான். அதைத் தீர்த்து வைத்தவர் எங்கள் ஊரில் ஓய்வு பெற்று இருக்கும் ஓர் ஆயர். ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் பல குருசேகரங்களில் இருந்தவர். எவன்ஸ் கதையைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. “தம்பி, ஞாயிறு ஆராதனையில பீடத்துல ஏறி நின்னா, யார் வரல, யார் வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்குன்னு எண்ணாமலே தெரியும். முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க. நான் என்ன உட்கார்ந்து மனப்பாடமா பண்ணேன்? வாராவாரம் பார்க்கிறேன், அவ்ளோதான்” என்றார்.

எவன்ஸின் திறமையை நான் படித்த பலரும் அபூர்வ ஞாபகசக்தி என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அபூர்வம்தான், ஆனால் அந்த அபூர்வம் வந்த வழி பழக்கம். தெருவில் புது ஆள் நுழைந்தால் திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு முதலில் தெரிவது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

எம் 83, ஜூலை 1983

1981-ல் இரண்டு கண்டுபிடிப்புகள் எவன்ஸுக்குக் கிடைத்தன. ஆனால் அவர் வேலையின் மதிப்பை உலகம் நன்றாகப் புரிந்துகொண்டது 1983 ஜூலை 3-ல் என்று நினைக்கிறேன். அன்று எம் 83-ல் ஒரு புதுப் புள்ளி. சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சுழல் கேலக்ஸி அது. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஆறு வெடிப்புகள் அங்கே பதிவாகின. பென்னெட்டுடையது ஐந்தாவது, எவன்ஸுடையது ஆறாவது.

முக்கியம் என்னவென்றால், அவர் அதைப் பிடித்தது உச்ச ஒளியை எட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு. தகவல் உடனே போனதால் நியூ மெக்சிகோவின் ரேடியோ தொலைநோக்கி வரிசை சில நாட்களிலேயே அந்தப் பக்கம் திரும்பி, ரேடியோ அலைகளைப் பதிவு செய்தது. ‘முதல் வகை’ என்று சொல்லப்பட்டவற்றில் ரேடியோ அலை கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் ஹைட்ரஜன் இல்லை, அதனால் முதல் வகை. ஆனால் அந்த வகையில் வழக்கமாகத் தெரியும் சிலிக்கான் கோடும் இல்லை. இந்த மாதிரி வெடிப்புகளை ‘ஒன்று-பி’ என்று தனி வகையாகவே பிரித்தார்கள். வெளிப்போர்வையை முன்பே இழந்துவிட்ட கனமான நட்சத்திரம் நொறுங்கி வெடிப்பது இது என்ற புரிதல் அப்புறம் வந்தது. அந்த வகைக்கு இன்றும் மாதிரியாகக் காட்டப்படுபவற்றில் ஓர் ஆயர் ஜூலைக் குளிரில் நின்று கண்ட அந்தப் புள்ளியும் ஒன்று.

கண்டதும் அறிவித்துவிட முடியாது. பழைய படங்களைப் பார்க்க வேண்டும், அது நகர்கிறதா என்று கவனிக்க வேண்டும், இன்னொருவர் வேறு தொலைநோக்கியில் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த வானியல் தந்திப் பணியகத்துக்குத் தகவல் போகும். இந்தப் படிகளை நான் முதலில் லேசாக எடுத்துக்கொண்டேன். அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

பூட்டிய வீடுகள்

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எவன்ஸ் கண்டவை அல்ல, காணாமல் எழுதிவைத்தவை. எந்த இரவில் எந்த கேலக்ஸியைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்பதை வரி வரியாகக் குறித்து வைத்திருந்தார். பல்லாயிரக்கணக்கான வரிகள். சாதாரணமாக யாரும் இதைச் செய்வதில்லை. கிடைத்தால் எழுதுவோம், கிடைக்காத இரவை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும்.

1987-ல் கனடாவின் சிட்னி வான் டென் பெர்க், ராபர்ட் மெக்ளூர் இருவரோடு எவன்ஸும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஷாப்லி, ஏம்ஸ் பட்டியலில் இருக்கும் பிரகாசமான கேலக்ஸிகளில் எத்தனை வருடத்துக்கு ஒரு சூப்பர்நோவா வெடிக்கிறது என்ற கணக்கு. அந்தக் கணக்கின் அடித்தளமே எவன்ஸின் ‘இல்லை’கள். பத்து வெடிப்பு கண்டேன் என்று மட்டும் சொன்னால் வீதம் தெரியாது. எத்தனை கேலக்ஸியை, எவ்வளவு காலம் கண்காணித்து அந்தப் பத்து கிடைத்தது என்று தெரிந்தால்தான் வகுக்க முடியும். வகுக்கும் எண்ணை அந்த நோட்டுகள் கொடுத்தன. விண்மீன் வெடிப்பு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை வைத்துத்தான் இரும்பும் ஆக்ஸிஜனும் பிரபஞ்சத்தில் எவ்வளவு வேகத்தில் உண்டாகின்றன என்று மதிப்பிட முடியும். அந்தப் பெரிய கேள்விக்கு அவர் மொத்தமாகப் பார்த்த இரவுகள் பயன்பட்டன.

இதை நான் நம்ம ஆயரிடம் சொன்னபோது அவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். வீட்டுச் சந்திப்பு நோட்டு. தேதி, வீடு, யாரைப் பார்த்தார், என்ன ஜெபம். நடுநடுவே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று நிறைய வரிகள். “பார்க்காத வீட்டை எதுக்கு ஐயா எழுதினீங்க?” என்று கேட்டேன். “பூட்டியிருந்த வீட்டை எண்ணிப் பார்த்துத்தான் தம்பி எந்த மாசம் ஜனங்க பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்கன்னு எனக்குப் புரிஞ்சது. அப்புறம் அந்த மாசம் பண்டிகை வெக்கறதையே நிறுத்திட்டோம்” என்றார்.

எம் 74, ஜூன் 2003

1990-களில் எவன்ஸுக்கு சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கண்ணால் பார்க்க நேரம் கொடுத்தார்கள். காவலூரின் ஒரு மீட்டருக்குச் சமமான அளவு. அதே பத்தாண்டின் கடைசியில் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் தானியங்கித் தொலைநோக்கி ஒன்று இரவெல்லாம் படம் எடுத்து, கணினியே ஒப்பிட்டு, சூப்பர்நோவாக்களை வரிசையாகக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. கண்ணால் தேடுகிறவரின் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

2003 ஜூன் 12 அன்று, 31 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், எவன்ஸ் எம் 74 என்ற கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார். அது வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நாள் ஏன் யாரும் பார்க்கவில்லை? எம் 74 சூரியனுக்குப் பின்னால் போயிருந்தது. வெளிப்பட்டதும், விடியலுக்கு முன் இருட்டு மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்தவருக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் அது வடக்கே தாழ்வாகத் தெரியும், பார்ப்பது சுலபமில்லை.

அதன் பிறகு நடந்தது அருமை. அந்த இடத்தை வெடிப்புக்கு முன் எடுத்த ஹப்பிள், ஜெமினி தொலைநோக்கிகளின் பழைய படங்களில் ஸ்மார்ட் என்ற வானியலாளரின் குழு தேடியது. வெடித்த நட்சத்திரமே கிடைத்தது. சூரியனைப் போல் சுமார் எட்டு மடங்கு நிறை கொண்ட செம்பெருமீன். சிவந்து பருத்த நட்சத்திரம் வெடித்துத்தான் இந்த வகை உண்டாகிறது என்று ஏட்டில் இருந்ததற்குக் கண்கூடான சாட்சி. 2009-ல் வெடிப்பின் ஒளி அடங்கிய பிறகு திரும்பப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த நட்சத்திரம் அங்கே இல்லை.

புதிதாக வந்ததை ஆயர் கவனித்தார், ஆறு வருடம் கழித்துப் போனதை மற்றவர்கள் கவனித்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் அந்தக் கதை முழுமையானது.

எங்கள் மாடியில்

ஆலங்காயத்துக்கு வடக்கே ஆம்பூர், மேற்கே வாணியம்பாடி. தோல் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை விளக்குகள், எல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத் தொடுவானம் வெளுத்துக் கிடக்கும். தெற்கும் கிழக்கும் மலை, இருட்டு. எவன்ஸ் பார்த்த தெற்கு வானம் நமக்கும் நிறையக் கிடைக்கும் என்பது இந்த அட்சரேகையின் கொடை. எம் 83 அவருக்கு ஏறக்குறைய உச்சியில் வரும், நமக்கு 47 டிகிரி உயரத்தில், லண்டன்காரருக்கு வெறும் எட்டு டிகிரி. எம் 74 நமக்கு உச்சந்தலைக்கு மேலே.

20 சென்டிமீட்டர் டாப்சோனியன் (எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் தொலைநோக்கி) ஒன்று, 60 கேலக்ஸிகள் பட்டியல், ஜனவரி முதல் மே வரை பருவம். பிள்ளைகள் முறைவைத்து வந்தார்கள், பெற்றோர் சம்மதத்தோடு, பத்தரை மணிக்குள் வீட்டுக்கு. ஜனவரியில் பனி இறங்கி துணைத்தொலைநோக்கிக் கண்ணாடி நனைந்துவிடும். உச்சியில் இருக்கும் கேலக்ஸிக்கு டாப்சோனியனைத் திருப்புவது பெரும் பாடு. எம் 61 அந்த வகையில் எங்களை நிறைய அலைக்கழித்தது. கரண்ட் போன இரவுகளில் பார்த்தது மற்ற இரவுகளைவிட இரண்டு மடங்கு இருக்கும்.

முதல் பருவத்திலேயே ஒரு தவறு. மார்ச்சில் எம் 61 பக்கத்தில் ஒரு கூடுதல் புள்ளி. நான்தான் பார்த்தேன். நடுராத்திரியில் நண்பரைப் போனில் எழுப்பி, தகவல் அனுப்பும் வரைக்கும் போய்விட்டேன். அவர் நாளை வரை பொறுங்கள் என்றார். மறுநாள் மாணவி ஒருத்தி வரைந்து பார்த்து, “சார், அது தள்ளிப் போயிருக்கு” என்றாள். குறுங்கோள். கன்னி ராசிப் பக்கம் கிரகங்கள் போகும் பாதைக்கு அருகில் இருப்பதால் அங்கே இது சகஜம். எவன்ஸ் விடாமல் செய்த சரிபார்ப்பை நான் செய்யாததுதான் காரணம். அன்று முதல் ஒவ்வொரு சந்தேகப் புள்ளிக்கும் படம் வரைவது, இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்துச் சொல்வது என்று விதி வைத்தோம்.

அந்த ஆண்டு நவம்பரில் எவன்ஸ் காலமானார். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுதாமலே போய்விட்டது.

இரண்டாவது பருவத்தில்தான் நான் எதிர்பார்க்காத சோதனை ஒன்று அமைந்தது. 2023 மே 19 அன்று ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோயிச்சி இட்டாகாகி எம் 101-ல் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார். செய்தி எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்து மேகம் விலகிய இரவில், பட்டியலை வழக்கம்போலப் பார்க்கச் சொன்னேன். எம் 101 மங்கலான கேலக்ஸி, எங்கள் கருவியில் புகை மாதிரிதான் தெரியும். பஸ்ஸில் அந்தக் கேள்வி கேட்ட அதே பையன் கண்ணை வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “சார், இங்க ஒண்ணு கூட இருக்கு. போன மாசம் இது இல்ல” என்றான். நோட்டைப் புரட்டினோம். ஏப்ரலில் அவன் கையெழுத்திலேயே எம் 101-க்கு நேராக ‘இல்லை’ என்று இருந்தது.

அவன் கண்டுபிடித்தான் என்று எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் எவன்ஸ் முறை ஆலங்காயத்தில் ஒரு பிளஸ் டூ பையனுக்கு வேலை செய்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். மூன்று பருவம் முடிந்தபோது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மூன்று பிள்ளைகளால் வரைபடம் பார்க்காமல் நாற்பது கேலக்ஸிகளை அடையாளம் காண முடிகிறது.

இப்போது

இன்று தானியங்கிக் கருவிகள் முழு வானத்தையும் சில இரவுகளுக்கு ஒருமுறை படமெடுத்துவிடுகின்றன. பிரகாசமான சூப்பர்நோவா ஒன்று நம் மாடிக்காகக் காத்திருக்கும் வாய்ப்பு குறைவுதான், அதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. இருந்தாலும் சூரியனை ஒட்டிய வானம் எல்லாருக்கும் சிரமமானது. எம் 74 கதை அதைத்தான் சொல்கிறது. ஆகவே அடுத்த பருவத்தின் திட்டத்தை மாற்றியிருக்கிறோம். சாயங்காலப் பார்வையைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, சூரியனுக்குப் பின்னாலிருந்து புதிதாக வெளிப்படும் கேலக்ஸிகளை மட்டும் பார்ப்பது. கிழக்கே மலை கொஞ்சம் மறைக்கும், ஜூனில் மேகமும் தொந்தரவு செய்யும். மேகம் மூடிய விடியலையும் ‘மேகம்’ என்று நோட்டில் எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பையன் இப்போது காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறான், லீவுக்கு வரும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறான். மாதவாரியாகப் பட்டியல் போட்டதும் அவன்தான். ஜூனுக்கு எம் 74 முதல் வரியில் இருக்கிறது.